ஆணையாளர் எவருக்குப் பொறுப்பு?

ஒரு நாட்டின் ஆட்சி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் அதன் பாராளுமன்றத்தைச் சென்று பார்க்கவேண்டியதில்லை. மாரிகாலத்தில் ஓர் ஊரின் மதகைப் பார்த்தாற் போதும்.

வலிகாமத்தைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். அவருடைய தோட்டத்துக்கு அருகே ஒழுங்கையைக் குறுக்கறுத்துச் செல்லும் மதகு தூர்ந்து போனமையால், 2021 ஆம் ஆண்டு மாரியில் வெள்ளம் வடியாது தேங்கி வெங்காயம் முழுவதும் அழுகிற்று. மறு ஆண்டு பிரதேச சபைக்கு மனுக் கொடுத்தார். வட்டார உறுப்பினர் நேரில் வந்து பார்த்தார். சபையும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தவிசாளர், "நான் சொல்லிவிட்டேன், செயலாளர் செய்விப்பார்" என்றார். செயலாளர், "மேலிடத்து அனுமதி வரவேண்டும்" என்றார். அனுமதி வருமுன்னர் 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. பின்னர் சென்று கேட்டபோது, "இப்பொழுது சபை இல்லை, புதிய வேலை எடுக்க முடியாது" என்ற பதில் கிடைத்தது. 2025 இல் புதிய சபை வந்தது. "அது பழைய சபையின் தீர்மானம்" என்றார்கள். இதற்கிடையில் மூன்று மாரிகள் வந்து போயின.

"தம்பி, வழக்குப் போடுறதெண்டாலும் ஆருக்கு மேலை போடுறது?" என்று அம்முதியவர் கேட்டார். சட்டம் படித்தவன் என்று ஊரார் மதிக்கும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

இக்கதையில் வரும் எவரும் கொடியவர் அல்லர். உறுப்பினர் தம் கடமையைச் செய்தார். தவிசாளர் கட்டளை இட்டார். செயலாளர் விதியைக் கடைப்பிடித்தார். எனினும் மதகு தூர்ந்தே கிடக்கிறது. தீர்மானிப்பவர் ஒருவராகவும், செய்பவர் இன்னொருவராகவும், செய்பவரைக் கேள்வி கேட்கும் உரிமை உடையவர் மூன்றாமவராகவும் இருக்கும்படி சட்டம் அமைந்திருப்பதே நோயின் மூலம். மாநகர சபைகளில் முதல்வருக்கும் ஆணையாளருக்கும் இடையிலும், பிரதேச சபைகளில் தவிசாளருக்கும் செயலாளருக்கும் இடையிலும் உள்ள இவ்வுறவைத் திருத்தி அமைக்காமல், எத்தனை தேர்தல் நடத்தினாலும் பயனில்லை என்பதே எனது துணிபு.

சட்டமும் நடைமுறையும்

1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றியபோது, சபையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் அரசாங்க அதிபர். நகரத்தார் வரி கொடுப்பர், வெள்ளைக்காரத் துரை ஆள்வார் என்பதே அன்றைய நியதி. அந்நியதி முறிய எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1937 இல் கொழும்பு மாநகரம் தெரிந்தெடுத்த தனது முதலாவது முதல்வரைக் கண்டது. அப்பெருமையைப் பெற்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் தமிழர் என்பதை இன்றைய இளைஞருட் பலர் அறியார். பின்னர் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாகி, சாம் ஏ. சபாபதி முதலாவது முதல்வரானார்.

ஏட்டளவில் அச்சட்டம் தெளிவானது. முதல்வரே சபையின் பிரதம நிறைவேற்று அதிகாரி. ஆணையாளர் அவருக்குக் கீழிருந்து நிருவாகத்தை நடத்துபவர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் தவிசாளருக்கு அதே இடத்தை வழங்கியுள்ளது. இதைப் படிக்கும் எவரும், அதிகாரம் மக்கள் பிரதிநிதியின் கையில் இருக்கிறது என்றே எண்ணுவர்.

நடைமுறை வேறு. ஆணையாளரைத் தெரிபவர் முதல்வரல்லர், சபையுமன்று. நாடளாவிய நிருவாக சேவையிலிருந்தோ மாகாண சேவையிலிருந்தோ அவர் அனுப்பப்படுகிறார். அவருடைய நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை யாவும் சபைக்கு வெளியே தீர்மானமாகின்றன. மாகாணப் பொதுச் சேவை மீதான அதிகாரத்தை 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் ஆளுநரிடமே ஒப்படைத்தது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆகவே யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றுக்குத் தார் போடவேண்டிய உத்தியோகத்தரின் வாழ்வும் தாழ்வும் சுற்றிச் சுற்றிக் கொழும்பிலே போய் முடிகின்றன.

இதனால் உத்தியோகத்தரும் நன்மை அடைவதில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, சபையின் சொல்லைக் கேட்டால் மேலிடம் முனியும், மேலிடத்தின் சொல்லைக் கேட்டால் சபை முனியும். இத்தகைய நிலையில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? எதையும் செய்யாமல் கோப்பை நகர்த்திக்கொண்டிருப்பான். அதுதான் பல சபைகளில் நடக்கின்றது.

அமெரிக்க நகரங்கள் கண்ட வழி

தெரிந்தெடுக்கப்பட்ட சபைக்கும் சம்பளம் பெறும் நிருவாகிக்கும் இடையே எல்லை வகுப்பது எங்ஙனம் என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க நகரங்கள் இக்கேள்வியோடு போராடி வருகின்றன. அங்கு நகரங்கள் பலவற்றுக்குத் தனித்தனிச் சாசனம் உண்டு. அச்சாசனமே அந்நகரத்தின் அரசியலமைப்பு.

1908 இல் வேர்ஜீனியா இராச்சியத்தின் ஸ்ரோன்ரன் என்னும் சிறிய நகரம், நிருவாகத்தைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒரு முகாமையாளரை அமர்த்தியது. ஆயினும் அம்முறையை உலகறியச் செய்தது ஒகாயோ இராச்சியத்தின் டேற்றன் நகரமே. 1913 மார்ச்சில் அந்நகரைப் பெருவெள்ளம் மூடி 300 க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கட்சித் தரகர்களின் கையிற் சிக்கியிருந்த பழைய ஆட்சி அவ்விடரைத் தாங்காது என்று கண்ட மக்கள், அதே ஆண்டிற் புதிய சாசனத்தை வாக்களித்து ஏற்றனர். 1914 தொடக்கத்தில் ஹென்றி வெயிற் என்னும் பொறியியலாளர் நகர முகாமையாளராகப் பதவி ஏற்றார். மதகு ஒன்றுக்காக ஏங்கும் நமக்கு, ஒரு வெள்ளத்தினாலே சாசனத்தை மாற்றிய நகரத்தின் கதை மனத்திற் பதியத்தக்கது.

அந்த முறையின் உயிர்நாடி மூன்று விதிகளில் உள்ளது. கொள்கையை வகுப்பதும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் சபையின் வேலை. அதைச் செயற்படுத்துவதும் ஊழியரை நியமிப்பதும் முகாமையாளரின் வேலை. மூன்றாவதே பிரதானமானது: முகாமையாளரை அமர்த்துவதும் சபைதான், நீக்குவதும் சபைதான். இவற்றோடு இன்னொரு காவலும் அங்குள்ள மாதிரிச் சாசனத்தில் உண்டு. சபை உறுப்பினர் தனித்தனியே ஊழியருக்குக் கட்டளை இடவோ, இன்னாருக்கு வேலை கொடு என்று வற்புறுத்தவோ கூடாது. விசாரித்து அறியலாம், கட்டளை மட்டும் முகாமையாளர் வாயிலாகவே செல்லவேண்டும்.

நமது முறையையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டேற்றன் முகாமையாளருக்கு இருந்த அதிகாரம் நம் ஆணையாளரின் அதிகாரத்திலும் பெரிது. ஆயினும் அதை எதேச்சாதிகாரம் என்று சொல்ல முடியாது. ஏனெனில் அவரை நியமித்த கை அதே நகரத்தின் கை. நம் ஆணையாளருக்கு அதிகாரம் கூடிவிட்டது என்பாரும் குறைந்துவிட்டது என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர். அவர் எந்தத் திசையை நோக்கிப் பதில் சொல்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

திருத்திக்கொள்ளும் உரிமை

டேற்றன் முறை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவில்லை. கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகரம் 1931 ஆம் ஆண்டுச் சாசனம் முதலாக முகாமையாளர் ஆட்சியில் இருந்தது. ஓய்வூதிய நிதி நெருக்கடியில் நகரம் தள்ளாடிய காலத்தில், மக்கள் 2004 இல் வாக்களித்து, நிறைவேற்று அதிகாரத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் முதல்வருக்கு மாற்றினர். அதுவும் ஒரேயடியாக அன்று. 2006 முதல் ஐந்தாண்டுக்குப் பரீட்சார்த்தமாகவே நடத்தினர். 2010 இல் மீண்டும் வாக்களித்து நிரந்தரமாக்கினர். ஒரு சட்டத்தை நிறுத்துப் பார்த்து ஏற்கும் இந்நிதானம் நம் சட்டசபைகளில் அரிது.

ஒரிகன் இராச்சியத்தின் போட்லண்ட் நகரின் அனுபவம் இதினும் சிறந்த பாடம். அந்நகரில் 1913 முதல் முதல்வரும் நான்கு ஆணையாளரும் சபையாகவும் இருந்தனர், ஆளுக்குச் சில திணைக்களங்களை நேரே நிருவகிப்போராகவும் இருந்தனர். தண்ணீர் ஒருவர் கையில், வீதி வேறொருவர் கையில் என்றிருந்தமையால், நகரம் முழுவதற்கும் ஒரு கண் இல்லாது போயிற்று. அந்நகரின் சாசனம் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் சாசன மீளாய்வுக் குழு கூட்டப்படவேண்டும் என்று விதிக்கிறது. அவ்வாறு கூடிய இருபது பேர் கொண்ட குடிமக்கள் குழுவில் பெரும்பான்மையோர் ஒருமித்தமையால், அக்குழுவின் ஆலோசனை சபையின் அனுமதியை எதிர்பாராது நேரே மக்களிடம் சென்றது. 2022 நவம்பரில் மக்கள் அதை ஏற்றனர். 2025 சனவரி முதல் நான்கு தொகுதிகளிலிருந்து பன்னிரு உறுப்பினர் சட்டம் இயற்றுகின்றனர். முதல்வர் நகர நிருவாகியைப் பெயர் குறிக்கிறார், சபை அவரை ஏற்று உறுதி செய்கிறது. திணைக்களங்களை நடத்துபவர் அந்நிருவாகி.

சான் டியேகோ முதல்வர் பக்கம் சாய்ந்தது. போட்லண்ட் அதிகாரத்தைப் பங்கிட்டது. டேற்றன் முகாமையாளரிடம் ஒப்படைத்தது. இவற்றுள் எது சிறந்தது என்று நான் வாதிடவில்லை. மூன்றிலும் முடிவு செய்தவர்கள் அந்நகரத்து மக்கள் என்பதையே வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

மறு பக்கத்தை மறைப்பது வழக்கறிஞனுக்கு அழகன்று. அதே கலிபோர்ணியாவில் பெல் என்னும் நகரம் உண்டு. ஏறக்குறைய 36,000 பேர் வாழும் அந்நகரத்தில் பெரும்பாலோர் உழைத்துண்ணும் ஏழைகள். 2005 ஆம் ஆண்டு இறுதியில் அங்கு ஒரு விசேட வாக்கெடுப்பு நடைபெற்றது. நகரத்துக்குச் சொந்தச் சாசனம் வேண்டுமா என்பது கேள்வி. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. சாசனம் நிறைவேறிற்று. உறுப்பினர் சம்பளத்துக்கு இராச்சியச் சட்டம் இட்டிருந்த வரம்பு அதனால் நீங்கிற்று.

2010 இல் பத்திரிகை ஒன்று உண்மையை வெளிக்கொணர்ந்தபோது அமெரிக்காவே திடுக்கிட்டது. நகர முகாமையாளர் றொபேட் றிசோவின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 800,000 டொலர். அது அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளத்தின் இருமடங்கு. பகுதிநேர வேலை பார்த்த சபை உறுப்பினர் சிலரும் ஏறக்குறைய 100,000 டொலர் பெற்றனர். அடுத்த ஆண்டில் மக்கள் திரண்டு வாக்களித்து உறுப்பினர்களைப் பதவியிலிருந்து மீள அழைத்தனர். முகாமையாளருக்கு 2014 இல் பன்னிரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

முகாமையாளரை நியமித்ததும் சபை, கண்காணிக்க வேண்டியதும் சபை. இருவரும் கைகோத்தபோது காவல் செய்ய எவரும் இல்லை. ஆகையால் நிருவாகியைச் சபைக்குப் பொறுப்பாக்குவதோடு வேலை முடிந்துவிடாது. சபையின் கணக்கு மக்களின் கண்முன் கிடக்கவேண்டும். மக்களும் உறங்கிவிடக்கூடாது. நானூறு பேர் எழுதிய சாசனத்துக்கு முப்பத்தாறாயிரம் பேர் விலை கொடுத்தனர்.

நமது சபைகளின் நிலை

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1983 க்குப் பின்னர் யாழ்ப்பாண மாநகரத்தார் தம் சபைக்கு வாக்களிக்கும் வாய்ப்பைப் பெற்றது 1998, 2009, 2018, 2025 ஆகிய நான்கு தடவைகளே. 1998 இல் தெரிவான திருமதி சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலனும் அதே ஆண்டிற் கொலையுண்டனர். இவ்வளவு குருதியும் கண்ணீரும் படிந்த ஆசனம் அது. நாற்பதாண்டுகளில் நெடுங்காலம் அந்நகரத்தை ஆண்டவர்கள் உத்தியோகத்தர்களே. ஆகவே ஆணையாளர் ஆட்சி என்பது நம் மக்களுக்கு விதிவிலக்காக இல்லாது வழக்கமாகவே பழகிப்போயிற்று.

அண்மைக் காலத்தை நோக்குங்கள். 2023 மார்ச் 9 ஆந் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணம் காட்டி நடத்தப்படாது விடப்பட்டது. அம்மாதம் 19 ஆந் திகதியுடன் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாமை குடிகளின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6 ஆந் திகதியே வாக்களிப்பு நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களும் சபையின் இடத்தில் இருந்தனர். சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகிய யாவும் மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத அறையில் முடிவாயின. சந்தைக்கு மூட்டை கொண்டு செல்லும் கமக்காரன் தன் குறையைச் சொல்லக்கூட ஓர் உறுப்பினர் இல்லை.

"அக்காலத்தில் சண்டை சச்சரவின்றி வேலை நடந்ததே" என்று படித்தவர்களும் கூறக் கேட்கிறேன். உண்மை. அவ்வுத்தியோகத்தருட் பலர் நேர்மையாக உழைத்தனர். ஆனால் நல்ல எசமான் கிடைத்தான் என்பதற்காக எவரும் அடிமைச் சாசனம் எழுதிக்கொடுப்பதில்லை. இன்று வந்தவர் நல்லவர், நாளை வருபவர் எத்தகையவரோ? அவரை அனுப்புபவர் யார், அழைப்பவர் யார் என்பதில் நமக்குச் சொல்லே இல்லாதபோது, நன்மையும் தீமையும் தலைவிதி என்றே ஆகிவிடும்.

நம் குற்றம்

எல்லாப் பழியையும் கொழும்பின் மேற் சுமத்துவது எளிது. அது நேர்மையாகாது. 2018 இலும் 2025 இலும் 45 உறுப்பினர் கொண்ட யாழ் மாநகர சபையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வரவு செலவுத் திட்டம் இரு தடவை தோற்றால் முதல்வர் பதவி இழப்பார் என்பது 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயன். 2020 டிசம்பரில் அவ்வாறே ஒரு முதல்வர் பதவி இழந்தார். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் வரவு செலவுத் திட்டங்கள் தோற்கடிக்கப்பட்டன. வீதி விளக்குக்கும் வடிகாலுக்கும் உரிய திட்டம், தமிழ்க் கட்சிகள் ஒன்றையொன்று வீழ்த்தும் ஆயுதமாயிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சபை இரண்டுபட்டால் மேலிடத்துக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்றும் உண்டு. தன் வட்டாரத்து இளைஞனுக்கு வேலை, தன் ஆதரவாளருக்கு ஒப்பந்தம், தன் ஒழுங்கைக்கு முதலிற் கல் என்று உறுப்பினர் சிலர் உத்தியோகத்தர் அறையின் வாயிலிற் காத்து நிற்பதை யாவரும் அறிவர். சபா மண்டபத்தில் ஆணையாளரைத் தாக்கிப் பேசும் வாயே அவ்வறையிற் குழைந்து பேசும். இத்தகைய சபையிடம் ஆணையாளரை நியமிக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதா என்று அறிஞர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் அதிகாரத்தோடு கட்டுப்பாட்டையும் ஒரே மூச்சிற் கேட்கவேண்டும் என்கிறேன்.

வேண்டிய திருத்தங்கள்

முதலாவது, நியமனம். பொதுச் சேவை ஆணைக்குழு தகுதியுடைய மூவரின் பெயரைத் தரட்டும். அவர்களுள் ஒருவரைச் சபை தெரியட்டும். தகுதிக்கு ஆணைக்குழு பிணை, பொறுப்புக்குச் சபை பிணை. அவருக்கு நான்காண்டுத் தவணை இருக்கட்டும். அதற்கிடையில் சபையின் சம்மதமின்றி இடமாற்றம் கூடாது. சபையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினாலன்றி, குற்றத்தை எழுத்திற் கூறி அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்னரன்றி, அவரை நீக்கக்கூடாது. இவ்வாறு செய்தால் அவர் கட்சிக்கு ஊழியராகவும் மாட்டார், கொழும்புக்குத் தூதராகவும் மாட்டார்.

இரண்டாவது, தலையிடாமை. உறுப்பினர் எவரும் எக்கோப்பையும் பார்க்கலாம், எக்கேள்வியும் கேட்கலாம், எழுத்தில் பதில் பெறலாம். ஆனால் ஊழியருக்கு நேரே கட்டளை இடுதலும், நியமனத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் பரிந்துரைத்தலும் பதவி இழப்புக்குரிய குற்றமாகட்டும். சபை நிறைவேற்றிய தீர்மானத்தை ஆணையாளர் குறித்த காலத்துக்குள் செய்யட்டும். செய்ய இயலாதெனின் காரணத்தை அடுத்த கூட்டத்தில் எழுத்தில் வைக்கட்டும். அந்த ஒரு விதி இருந்திருந்தால், வலிகாமத்து மதகின் கதை மூன்று மாதத்தில் முடிந்திருக்கும்.

மூன்றாவது, வெளிப்படை. சம்பளம், ஒப்பந்தம், குத்தகை, கடை வாடகை ஆகியவற்றின் கணக்கு மாதந்தோறும் தமிழில் அச்சாகிச் சபை வாயிலிலும் சந்தையிலும் தூக்கப்படட்டும். பெல் நகரத்தின் களவு பிடிபட்டது யாரோ ஒருவர் கணக்கைக் கேட்டதனாலேயே. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்பவனுக்குக் கொடுக்கச் சொல்கிறது. கேட்குமுன் கொடுப்பதே மக்கள் சபைக்கு இலக்கணம்.

நான்காவது, சபையில்லாத காலம். சபை கலைந்தாலோ காலம் முடிந்தாலோ ஆறு மாதத்துக்குள் தேர்தல் கட்டாயம் நடைபெறவேண்டும். அதுவரை ஆணையாளரோ செயலாளரோ காவற்காரராக மட்டும் இருக்கட்டும். புதிய வரியில்லை, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை இல்லை, சபைக் காணியைப் பிறருக்குக் கையளித்தல் இல்லை. ஆனால் முந்திய சபை நிறைவேற்றிய தீர்மானங்களைத் தொடர்ந்து செயற்படுத்துதல் அவருடைய கடமையாகட்டும்.

ஐந்தாவது, வரவு செலவுத் திட்டம். ஒரு திட்டத்தைத் தோற்கடிக்க விரும்பும் உறுப்பினர்கள் தமது மாற்றுத் திட்டத்தைத் தொகை குறித்துச் சபையில் வைத்த பின்னரே எதிர்த்து வாக்களிக்கட்டும். வீட்டை இடிப்பவன் வேறு வீட்டின் வரைபடத்தைக் காட்டவேண்டும் அன்றோ?

எழுதுகோல் எவர் கையில்?

இவையாவும் நல்லவை என்றே வைத்துக்கொள்வோம். இவற்றைச் சட்டமாக்குவது யார்? இங்கேதான் உள்ளூர்ப் பிரச்சினை அரசியற் பிரச்சினையாகின்றது. அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம் உள்ளூராட்சியை மாகாணத்துக்குரிய விடயமாகச் சொல்கிறது. ஆனால் சபைகளின் ஆக்கம், வடிவம், கட்டமைப்பு ஆகியவற்றை மட்டும் பாராளுமன்றச் சட்டமே தீர்மானிக்கும் என்று அதே வரியில் விலக்கிவிடுகிறது. ஆகவே யாழ்ப்பாணத்து முதல்வருக்கும் ஆணையாளருக்கும் இடையில் எல்லை வகுக்க, யாழ்ப்பாணத்தாருக்கு அதிகாரமில்லை. வட மாகாணத்தாருக்கும் இல்லை. மேற்பார்வை உரிமையைப் பெற்ற வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்தது. ஏழு ஆண்டுகள் கடந்தும் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை.

அமெரிக்காவில் மிசூரி இராச்சியம் 1875 ஆம் ஆண்டு அரசியலமைப்பில், பெரிய நகரங்கள் தம் சாசனத்தைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்று இடங்கொடுத்தது. மறு ஆண்டே சென். லூயிஸ் நகரம் தன் சாசனத்தை எழுதிற்று. அதனால் அமெரிக்கா துண்டுபடவில்லை. ஒரு நகரம் தன் வடிகாலை எவர் துப்புரவு செய்விப்பது என்று தானே முடிவு செய்தால் நாடு பிளவுபடும் என்று அஞ்சுவோர் இந்நாட்டில் மட்டுமே உளர். சமஷ்டியைப் பற்றி எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பேசிவரும் நாம், அதன் அடிப்படிக்கட்டு உள்ளூர்ச் சாசன உரிமை என்பதை நம் மக்களுக்கு எடுத்துச் சொன்னோமா? புதிய அரசியலமைப்பு வரும் நாளில், பொலிசையும் காணியையும் கேட்பதுடன், நகரங்களும் பிரதேசங்களும் தம் சாசனத்தைத் திருத்தும் உரிமையையும், பத்தாண்டுக்கு ஒரு முறை குடிமக்கள் குழு கூடி அதை மீளாய்வு செய்யும் விதியையும் நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டும்.

அந்நாள் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. சபைக்கு மேலதிக அதிகாரம் வழங்க மாகாண சபைக்கு 13 ஆந் திருத்தத்திலேயே இடமுண்டு. மாகாணத் தேர்தலை வற்புறுத்த இது இன்னொரு காரணம். கணக்கை மாதந்தோறும் தூக்க எந்தச் சட்டமும் தடையில்லை. தீர்மானங்களின் நிலையைக் கூட்டந்தோறும் எழுத்திற் கேட்கவும் தடையில்லை. உத்தியோகத்தரிடம் தனித்துச் சென்று சலுகை கேட்பதில்லை என்று எல்லாக் கட்சி உறுப்பினரும் சபையிற் கையொப்பமிட எவருடைய அனுமதியும் தேவையில்லை. நம் கையில் இருப்பதைச் செய்து காட்டிய பின்னர் நம் கையில் இல்லாததைக் கேட்டால், அக்கோரிக்கைக்கு வலு நூறு மடங்காகும்.

சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் மாலை வேளையிற் கூடிச் சாசனத்தின் முதலாவது நகலை எழுதத் தொடங்கட்டும். கமக்காரர் சங்கங்கள் சந்தையையும் வாய்க்காலையும் பற்றித் தமக்கு வேண்டிய விதிகளைச் சொல்லட்டும். மக்கள் எழுதாத சாசனத்தை வேறெவரோ எழுதுவர்.

"ஆருக்கு மேலை வழக்குப் போடுறது?" என்று கேட்ட முதியவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளாமல், அடுத்த மாரிக்கு முன் மதகைத் தாமே மகனோடு சேர்ந்து வெட்டிவிடுவதாகச் சொல்லிப் போனார். சோலைவரி வாங்குவதற்கு ஒரு சபையும், மதகு வெட்டுவதற்கு எழுபது வயதுக் கிழவரும் என்னும் இந்த ஏற்பாடு நீடிக்க விடலாகாது. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லும் சட்டம் வரும்வரை நம் சபைகள் சபைகளல்ல, வாக்களிப்பு முடிந்ததும் பூட்டப்படும் மண்டபங்களே.